படம் போட்ட கண்டனம்

மைக் செட் போடுகிறவர்கள் எல்லோரும், "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் சொல்லிப் பார்ப்பார்கள். எங்கள் பழங்காநத்தத்து ஆள் அப்படிச் சொல்ல மாட்டார். "ஹலோ, ஹலோ, கண்டிக்கிறோம், வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்பார். கல்யாண வீடானாலும் அதேதான். ஒரு காதுகுத்து வீட்டில் அவர் இப்படி ஆரம்பித்ததும், தான் கொண்டுவந்த சீர் போதவில்லை என்று மைக் போட்டு ஏசுகிறார்களாக்கும் என்று நினைத்த தாய்மாமன், தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே கிளம்பிவிட்டார். அவரைத் தாஜா பண்ணி உட்காரவைப்பதற்குள் பிள்ளை தூங்கியே போனது.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. தெருவும் சொன்னதில்லை. "கண்டனம்" என்றுதான் சொல்லும். "கண்டனம் கடையில இருக்கா?" "இல்ல, டீ குடிக்கப் போயிருக்கு." அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, உள்ளுக்குள் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம், நடுவில் ஒரு அடிபம்பு. தெருவைப் பார்த்த முன்பக்கம் அவருடைய மைக் செட் கடை, அதற்குப் பின்னால் அவர் வீடு. எங்களுடையது மூன்றாவது வீடு. என் வீட்டுக்காரர் மில்லுக்குப் போனார், நான் வீட்டிலிருந்து ரவிக்கை தைத்தேன். தையல் மிஷின் வாசலைப் பார்த்துக் கிடந்ததால் யார் வந்தாலும் போனாலும் என் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

அந்த மனுஷர் கண்டிக்காத விஷயம் உலகத்தில் இல்லை. டவுன் பஸ் நிற்காமல் போனால் கண்டனம். குழாயில் காற்று மட்டும் வந்தால் கண்டனம். "கேக்க ஆளில்லைனு நெனச்சுட்டாய்ங்க" என்று ஆரம்பித்தாரென்றால், அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நின்று கேட்க வேண்டும். அதோடு விடமாட்டார், சிம்மக்கல்லுக்குப் போய்ப் போஸ்டர் அடித்து வருவார். மைதாப் பசை பூசி ஒட்டும் அந்தப் போஸ்டரை மாடுகள் நக்கி, கிழித்து, தின்றுவிடும். ஒரு தடவை, "சுவரொட்டிகளைத் தின்னும் மாடுகளையும் அவற்றை அவிழ்த்துவிடும் உரிமையாளர்களையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று ஒரு போஸ்டர் போட்டார். அதையும் மாடுதான் தின்றது.

அவர் வீட்டம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்கு வாய் சிக்கனம், ஆனால் திறந்தால் சுருக்கென்று இருக்கும். "ஒங்கண்ணனுக்கு வெஞ்சனத்துல உப்புக் கம்மினாலும் கூட்டம் போட்டுத்தான் கேக்கத் தெரியும்" என்று ஒரு நாள் அடிபம்பில் சொன்னார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். சித்திரைத் திருவிழாவில் என் பெரியவன் தொலைந்து, நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடி வந்தபோது, சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்தார். ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்தி, பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். காசு வாங்கவில்லை. என் சாமியே என்று அழுதேன். மறுநாள்தான் தெரிந்தது, குழாயில் பிள்ளையின் அடையாளம் சொன்ன கையோடு, "கவனக்குறைவாக இருந்த தாயை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்றும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். மார்க்கெட்டில் ஒரு கிழவி என்னைப் பார்த்து, "நீதான அந்தக் கவனங்கெட்டவ?" என்றாள். நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? சிரித்துக்கொண்டேன். அவருடைய நன்மை அப்படித்தான் வரும், கையில் மைக்கோடு.

அந்த வருஷம்தான் எழுமலைப் பக்கம் அந்தக் கொலை நடந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. அண்ணன் செத்துப் போனான். நெல் கொட்டும் ஆளுயர மண் குதிருக்குள் உடம்பு கிடைத்தது. தம்பியைப் பிடித்து மதுரை ஜெயிலில் வைத்தார்கள். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் ஒரு மாலைப் பேப்பர்க்காரனுக்கு அந்தக் குதிர் அட்சய பாத்திரமாக ஆனது. முதல் நாள் குதிரின் படம். மறுநாள் குதிரைக் குறுக்கே வெட்டிக் காட்டிய படம், உள்ளே அம்புக்குறி. மூன்றாம் பக்கத்தில் "நான்தான் குதிர் பேசுகிறேன்" என்று ஒரு தொடர்கதையே ஆரம்பித்துவிட்டான். ஒரு மண் குதிர், தான் களிமண்ணாக இருந்த காலத்திலிருந்து சொல்லி அழுதது. எழுமலை பஸ்ஸில் குதிர் பார்க்கப் போகிற கூட்டம் தனி.

ஊரே கொதித்தது. "செத்த வீட்டுல இப்படியா காசு பாப்பாய்ங்க, நாசமாப் போறவய்ங்க" என்று எங்கள் காம்பவுண்டில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு, "இன்னிக்குப் பேப்பர் வந்துருச்சா?" என்று கேட்டார்கள்.

எங்கள் கண்டனக்காரருக்குத் தூக்கமே போயிற்று. சாயங்காலம் ஆனால் கடை வாசலில் மைக்கை வைத்து, "பொதுமக்களே, இந்த அநியாயத்தைக் கேளுங்கள்" என்பார். என்ன அநியாயம் என்று ஜனங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அன்றைய குதிர்க்கதையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார். குதிர் விம்முகிற இடத்தில் இவரும் விம்முவார். வாசித்து முடித்து, "இப்படி எழுதலாமா? கண்டிக்கிறோம்!" என்பார். பேப்பர் வாங்க வக்கில்லாதவர்களும் எழுத்துத் தெரியாதவர்களும் பாய் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். கடலை வண்டிக்காரர் நிரந்தரமாக இடம் பிடித்தார். "அண்ணே, நேத்து நான் வரல, நேத்துக் கண்டனத்தையும் ஒருக்காப் படிங்கண்ணே" என்று கேட்டவர்களும் உண்டு.

பேப்பர்க்காரன் சும்மா இருப்பானா? "வாசகர் கண்டனம்" என்று ஒரு பகுதியே ஆரம்பித்து இவர் எழுதியனுப்பியதைக் கட்டம் கட்டிப் போட்டான். அன்றைக்குப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"பாத்தியா தங்கச்சி, நம்ம கண்டனத்தைப் போட்டுட்டான்! பயந்துட்டாய்ங்க!"

"எங்கண்ணே போட்டிருக்கான்?"

"இந்தா, குதிருக்குப் பக்கத்துலயே."

கடைசி வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முப்பது வயதிருக்கும். ஒரு பெண் குழந்தை. அவள் பெயரையும் நான் சொல்ல மாட்டேன், அவளுக்கு அது ஒரு தடவை நடந்தது போதும். அப்பளக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். புருஷன் வெளியூரில் என்று சொல்லியிருந்தாள். தலை நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. சாயங்காலம் மைக் சத்தம் கேட்டால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விடுவாள், வாசிப்பு முடிந்த பிறகுதான் வருவாள். மைக் சத்தம் ஆகாத ஜென்மம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் ரவிக்கை வாங்க வந்தவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, அந்த அண்ணன்கிட்டச் சொல்லி மைக்க நிப்பாட்டச் சொல்றீங்களா?"

"ஏத்தா, தலைவலியா?"

அவள் குழந்தை அடிபம்பில் விளையாடுவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "அது எங்க வீட்டுக் குதிரு, அக்கா."

தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். ஜெயிலில் இருக்கிற தம்பிதான் அவள் புருஷன். அவர் செய்தாரோ இல்லையோ, அது கோர்ட்டு சொல்ல வேண்டியது. ஊரில் இருக்க முடியாமல், ஜெயிலில் மனுப் போட்டு அவரைப் பார்க்கவும் தோதாக இங்கே வந்திருக்கிறாள். "என் பேரு பேப்பர்ல வந்துருச்சுக்கா. ஒரே பேருல ஊருல எம்புட்டோ பேரு இருக்காக. மூஞ்சி வராத மட்டும் நானும் எம்பிள்ளையும் பொழச்சுக்கிருவோம்" என்றாள். அவளுடைய பிழைப்பு முழுக்க அந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது. அவள் முகம் யாருக்கும் தெரியக் கூடாது.

நான்தான் அவரிடம் கூட்டிப்போனேன். கேட்டதும் மனுஷர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். "ஆத்தா, ஒம் வீட்டுக் கதையவா நான் ஊருக்குப் படிச்சேன்? மன்னிச்சுக்க தாயி" என்றார். அன்றோடு வாசிப்பு நின்றது. பாய் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மதினி மட்டும் அவரைப் பார்த்து, "இனி வாயப் பொத்திக்கிட்டுச் சும்மா இருந்தீகன்னா அதுவே பெரிய புண்ணியம்" என்றார்.

இருந்தார், ஒரு வாரம் போல இருந்தார்.

அதற்குள் தோளில் கேமராவோடு பேப்பர்க்கார நிருபர் ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். கொலைகாரன் பெண்டாட்டி இந்தப் பக்கம்தான் இருக்கிறாளாம், அவள் படம் கிடைத்தால் கேட்டதைத் தருவார்களாம். நம்மாள் வாசலை மறித்து நின்றார். "அப்படி ஒரு பொம்பளை இந்தக் காம்பவுண்டுலயே இல்ல. வெளிய போய்யா!" சத்தம் போட்டே பழகிய தொண்டை, நிருபர் அடுத்த தெருவுக்கு ஓடினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணுக்கும் நம்பிக்கை வந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு படம். உசிலம்பட்டி ஸ்டுடியோவில் புருஷனோடு நின்று எடுத்த கல்யாணப் படம். வீட்டுக்கு அவள் போட்டிருந்த பூட்டு ஒரு பூட்டே இல்லை. வேலைக்குப் போன நேரம் எவனாவது நுழைந்து எடுத்துவிட்டால்? அவரிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

அவர் இரண்டு கையாலும் வாங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "என் உசுரு போனாலும் இது வெளிய போகாது தாயி" என்றார். மனசறிந்துதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்த வாரமே பேப்பரில் வந்தது: "மாயமான மனைவி எங்கே? படம் தருவோருக்குத் தக்க சன்மானம்." இதைப் படித்த பிறகு அவரை யார் பிடிப்பது! நேரே சிம்மக்கல் பஸ் ஏறிவிட்டார். அச்சாபீஸில் நடந்ததைப் பின்னால் மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"படம் இல்லாமப் போஸ்டராண்ணே? மதுரையில செத்தவனுக்கும் படம், சடங்கான பிள்ளைக்கும் படம். வெறும் எழுத்த எவன் நின்னு படிப்பான்?" என்றிருக்கிறார் அச்சாபீஸ்காரர்.

"அப்ப என் படத்தப் போடு."

"ஒங்க படத்த மட்டும் போட்டா ஒங்களுக்குத்தான் கருமாதினு நெனச்சுக்கிருவாய்ங்க. யாருக்காகக் கண்டிக்கிறமோ அவுக படமும் வேணும்ல?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்கிறது. அம்புட்டுத்தான். திரும்பி வந்தார், பெட்டியைத் திறந்தார், எடுத்துக்கொண்டு போனார். அப்போதெல்லாம் படம் அச்சாக வேண்டுமென்றால் முதலில் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். பிளாக் கடைக்காரர் பக்கத்தில் நின்ற புருஷனைக் கச்சிதமாக வெட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ரேஷன் கடைச் சுவரில் நான் அதைப் பார்த்தேன். மேலே கும்பிட்ட கையோடு இவர். நடுவில் கொட்டை எழுத்து: "அப்பாவித் தாயின் படத்தைத் தேடி அலையும் பத்திரிகையை வன்மையாகக் கண்டிக்கிறோம்! இவர் படத்தை வெளியிடாதே! வெளியிடாதே!" கீழே, முழம் அகலத்துக்கு, அவள் முகம். ஏதோ கல்யாணப் போஸ்டருக்கு வைத்திருந்த பூப்போட்ட பார்டர் வேறு.

மண்ணெண்ணெய் டின்னை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். அவர் கையில் பசை வாளியோடு எதிரே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படித் தங்கச்சி? படம் தெளிவா வந்திருக்குல்ல?"

"அண்ணே, படத்தப் போடாதேனு சொல்றதுக்குப் படத்தையே போட்டிருக்கீங்களேண்ணே!"

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"அது... நாம நல்ல எண்ணத்துலதானத்தா போட்டோம்" என்றார்.

அப்பளக் கம்பெனிக்கு எதிர்ச் சுவரிலும் நல்ல எண்ணத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவள் குழந்தையைச் சுற்றி நின்று "குதிரு, குதிரு" என்று கத்தியிருக்கின்றன. காம்பவுண்டின் சொந்தக்காரர் பொழுது சாய்வதற்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவரும் பேப்பர்க்காரனைத் திட்டிக்கொண்டேதான் சொன்னார். சாயங்காலப் பேப்பரில் முதல் பக்கத்தில், சிம்மக்கல்லில் போய் வாங்கிய அதே பிளாக்: "படத்தை வெளியிடாதே! பழங்காநத்தத்தில் கடும் கண்டனம்." கீழே விளக்கம் எழுதியிருந்தான்: "வெளியிடக் கூடாது என்று கண்டிக்கப்படும் படம்."

கண்டனக் கூட்டமும் அன்றைக்கே என்று போஸ்டரில் போட்டிருந்தது. வேண்டாம் அண்ணே, விடுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "இப்ப நிப்பாட்டுனா பேப்பர்க்காரன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்த்தா" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. பழங்காநத்தம் முச்சந்தியில் பஸ் போக இடமில்லை. ஆளாளுக்குக் கையில் பேப்பர், "இதப் பாருங்கய்யா அக்கிரமத்த" என்று முதல் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பேப்பர் தீர்ந்துபோய்ச் சைக்கிளில் இன்னொரு கட்டு வந்தது. கடலை வண்டிக்காரர் முகத்தில் ஒளி திரும்பியிருந்தது.

அவர், "கேக்க ஆளில்லைனு நெனச்சுட்டாய்ங்க" என்று ஆரம்பித்தபோதுதான் அவள் வந்தாள். தலையில் மூட்டை, கையில் குழந்தை. "அந்தா, படத்துல இருக்கிற பொம்பளைடா!" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் விலகி வழிவிட்டது. எல்லோரும் பேப்பரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், சரிதான் என்று தலையாட்டினார்கள். அவள் நேரே மேடையேறி அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, என் போட்டாவக் குடுங்க. நான் போறேன்."

மைக் பக்கத்தில் இருந்ததால் நாலு குழாயிலும் கேட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். "தாயி, நான் ஒனக்காகத்தான்..." என்று இழுத்தார்.

"அந்தப் பேப்பர்க்காரன் கேட்டான், நான் குடுக்கல. நீங்க கேக்கல, குடுத்தேன்" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. படத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கூட்டம் என்ன செய்தது தெரியுமா? கை தட்டியது. நல்லாப் பேசுனா, நறுக்குனு பேசுனா என்று விசில் வேறு அடித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கிடந்த செருப்பையெல்லாம் பொறுக்கி எறிந்திருப்பேன். அவளோடு பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை, எனக்குத் தெரியாமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று பட்டது.

அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு கொலை. குதிரின் கதை பாதியிலேயே நின்றுபோனது. அவர் கடை வழக்கம்போல நடந்தது. அதற்குப் பிறகு அவர் மைக்கில், "ஹலோ, ஹலோ, ஒன்று, இரண்டு, மூன்று" என்றுதான் சொன்னார். புதிதாகக் கேட்பவர்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. எங்கள் காம்பவுண்டுக்குத் தெரியும்.

இன்றைக்கும் அவரை நினைத்தால் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் விடிகாலைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். ரேஷன் கடைச் சுவருக்கு முன்னால் அவர் யார் வீட்டுப் பசுவையோ அவிழ்த்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் தண்ணீர் வாளி. கையால் அள்ளி அள்ளிப் போஸ்டரை நனைத்து ஊறவைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி எதிர்ச் சுவர் ஏற்கெனவே காலியாகியிருந்ததை வரும் வழியில் பார்த்தேன். என்னை அவர் கவனிக்கவில்லை. மாடு நாக்கை நீட்டி, மேலே கும்பிட்டுக்கொண்டிருந்த அவர் முகத்தைத்தான் முதலில் கிழித்துத் தின்றது. அவர் அதன் கழுத்தைத் தடவி, தலையை மெல்லக் கீழே இழுத்தார்.

"அது கெடக்குது விடு. இதத் தின்னு தாயி, இத மொதல்ல தின்னு" என்றார்.